அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சமரசர் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமரசர் பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கும், சமரசர் பட்டியல் வைத்துப் பராமரிக்கும் மையங்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் 'பயிற்சி பெற்றவர்', 'சான்றிதழ் பெற்றவர்', 'அங்கீகரிக்கப்பட்டவர்' என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கிறது. சிலருக்கு மூன்றுமே இருக்கிறது. ஒரு புகைப்படம், நாலு வரி அறிமுகம், என்ன படித்தார், எத்தனை வருடம் வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருந்தார், அவ்வளவுதான். சொத்துப் பிரிப்பதில் பேச்சு முறிந்துபோன அண்ணன் தம்பியும், பிரிந்த பிறகு பிள்ளைகள் யாரிடம் எத்தனை நாள் இருப்பது என்று முடிவு செய்ய வேண்டிய கணவன் மனைவியும், சேர்ந்து நடத்திய தொழிலைக் கலைக்கப் பார்க்கும் கூட்டாளிகளும் இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு, தீர்ப்பு சொல்லாமல் நடுவில் உட்கார்ந்து தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவுகிற சமரசர் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

நானும் ஒரு சமரசர்தான். அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது அடிக்கடி என்னிடம் இரண்டு மூன்று பெயர்களைக் கொண்டுவந்து "இதில் யாரைப் போடலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். நானும் பார்க்கிறேன். இந்தத் தொழிலிலேயே இருக்கும் எனக்கு உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கும், வருடக்கணக்கில் மேற்பார்வையில் அமர்வு நடத்தித் தேறியவருக்கும் ஒரே அடைமொழியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். நீதிமன்றம் பொதுவாகத் திறந்த இடம். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம், தீர்ப்பு எழுத்தில் இருக்கும், தப்பாகப் போனால் மேல்முறையீடு இருக்கிறது. சமரச அறையின் கதவு சாத்தியிருக்கும். அங்கே பேசியது வெளியே போகாது என்ற உறுதியில்தான் மனிதர்கள் வாய் திறக்கிறார்கள், அந்த இரகசியம் கண்டிப்பாக வேண்டும். ஆனால் அதே இரகசியம் திறமையில்லாத சமரசரையும் மூடி வைத்துவிடுகிறது. அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது, பதிவு இருக்காது, இரண்டு தரப்பும் அதை வெளியே சொல்லவும் முடியாது. அப்புறம், கையெழுத்துப் போட்டது நாமே. நீதிபதி திணித்த முடிவு என்றால் அதை எதிர்த்துப் போகலாம், நாமே ஒப்புக்கொண்ட உடன்படிக்கையை உடைப்பது பெரும்பாலான இடங்களில் மிகவும் கடினம். ஆக, ஒருவரை அறைக்குள் விடுவதற்கு முன்னால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே வழி அவருடைய பயிற்சியும் தகுதியும் பற்றி நீங்கள் சொல்கிற தகவல்தான். அதைத்தான் நீங்கள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறீர்கள்.

உலகம் முழுக்க இதற்கு ஒரே அளவுகோல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தனிப்பட்ட முறையில் சமரசர் தொழில் நடத்த அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. ஃப்ளோரிடாவில் மாநில உச்ச நீதிமன்றமே சமரசர்களுக்குச் சான்று கொடுக்கிறது, ஆனாலும் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் சான்று இல்லாத ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2005இல் அமைத்த சமரசக் குழு 40 மணி நேரப் பயிற்சியும் 10 உண்மையான அமர்வுகளும் வேண்டும் என்று வைத்தது. 2023இல் வந்த சமரசச் சட்டம் சமரசர்களைப் பதிவு செய்யவும் பயிற்சிக்குத் தரம் வகுக்கவும் ஒரு தேசிய கவுன்சில் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2008இல் தொடங்கிய தேசிய அங்கீகார முறையில் குறைந்தது 38 மணி நேரப் பயிற்சி, அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் பாவனை அமர்வு (கற்பனைத் தகராறு ஒன்றை நடித்துப் பார்க்கும் அமர்வு) நடத்திக் காட்டித் தேற வேண்டும் என்று இருந்தது. 2025 ஜூலையில் அந்த முறை போய்ப் புதிய முறை வந்திருக்கிறது. ஆஸ்திரியாவுக்குப் போனால் கதையே வேறு. 2003இல் வந்த சட்டப்படி நீதித்துறை அமைச்சகத்தின் பட்டியலில் சேர 28 வயது முடிந்திருக்க வேண்டும், பொதுவாக 365 மணி நேரப் பயிற்சி வேண்டும், வழக்கறிஞர், மனநல சிகிச்சையாளர் போன்ற சில தொழில்காரர்களுக்கு மட்டும் 220 மணி நேரம், அதோடு குறைந்தது 4,00,000 யூரோவுக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும்.

38 மணி நேரமும் 365 மணி நேரமும் உங்கள் பட்டியலில் ஒரே 'பயிற்சி பெற்றவர்'தான்.

மணிக்கணக்கைச் சொன்னதால் மணிக்கணக்கே எல்லாம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மணி எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. நாற்பது மணி நேரத்தில் முப்பது மணி நேரம் ஒருவர் மேடையில் நின்று பேச, மற்றவர்கள் குறிப்பெடுத்தால் அது சொற்பொழிவுதான். கரையில் நின்று நீச்சல் பார்த்தவரை ஆற்றில் இறக்குகிற மாதிரிதான் அவரை அமர்வுக்கு அனுப்புவது. ரோல் ப்ளே எத்தனை, அதில் எத்தனை முறை இவர் சமரசர் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபோது பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருந்து பார்த்தாரா, பார்த்துவிட்டு என்ன சொன்னார்? அந்தப் பழைய ஆஸ்திரேலிய முறையில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒன்பது பாவனை அமர்வுகளில் பங்கெடுத்து, அதில் மூன்றிலாவது சமரசராக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். உங்கள் பயிற்சியில் அந்த எண் என்ன? அதை ஏன் சான்றிதழில் போடுவதில்லை?

கூர்ந்து பார்க்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பதால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயத்தைக் காட்டுகிறேன். தனி அமர்வில் ஒரு தரப்பு சமரசரிடம், "இதுக்குக் கீழே என்னால் இறங்கவே முடியாது, ஆனால் இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று தன் கடைசி எண்ணைச் சொல்கிறது. சமரசர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார். எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு தொகையைச் சொன்னதும், "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்து பாருங்களேன், அவங்க தரப்பில் இடம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். முடிந்தது. வாக்கு மீறியதாக அவருக்கே தோன்றாது, உதவி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். முதல் தரப்புக்கும் ஒருபோதும் தெரியவராது, ஏன் எதிர்த்தரப்பு திடீரென்று இவ்வளவு தைரியமாக இறுக்கிப் பிடிக்கிறது என்று குழம்பிவிட்டு, கடைசியில் தாங்க முடியாத எண்ணுக்கே கையெழுத்துப் போடும். பயிற்சி வகுப்பில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாக்கியம் வாயை விட்டு வந்த உடனே அமர்வை நிறுத்தி, "இப்போது என்ன சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள்" என்பார். அந்த ஒரு நிறுத்தல் பத்துச் சொற்பொழிவுக்குச் சமம். புத்தகத்தில் இரகசியம் காப்பது பற்றிப் படித்த எல்லோருக்கும் விதி தெரியும், விதி எந்த நொடியில் கை நழுவுகிறது என்பது இப்படிப் பிடிபட்டால்தான் தெரியும்.

அதனால் என் முதல் கேள்வி: உங்கள் பயிற்சியில் யாராவது தேறாமல் போயிருக்கிறார்களா? வந்தவர்கள் எல்லோரும் கடைசி நாள் சான்றிதழோடு வீட்டுக்குப் போனால் அது வருகைச் சான்றிதழ். வருகைச் சான்றிதழ் கொடுப்பதில் தப்பே இல்லை, அதை வருகைச் சான்றிதழ் என்று எழுதிக் கொடுங்கள். நடத்திக் காட்டச் சொல்லி, வெளியிலிருந்து வந்த ஒருவர் மதிப்பிட்டு, சிலரை "இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிற இடத்தில் வாங்கியது தகுதிச் சான்றிதழ். இரண்டும் ஒரே தாளில், ஒரே எழுத்தில், ஒரே முத்திரையோடு வரும்போது பாதிக்கப்படுவது ஒழுங்காகப் படித்துத் தேறியவரும், அவரைத் தேடுகிற குடும்பமும்தான்.

ஜெர்மனியில் 2017 செப்டம்பர் 1 முதல் 'சான்றளிக்கப்பட்ட சமரசர்' என்ற பட்டத்துக்கு அரசாணை இருக்கிறது. முதலில் 120 மணி நேரப் பயிற்சி, 2024 மார்ச்சிலிருந்து 130. அதற்கு மேல், உண்மையான ஐந்து சமரச அமர்வுகளை நடத்தி, ஒவ்வொன்றுக்கும் பிறகு மேற்பார்வையாளரிடம் தனியாக உட்கார்ந்து அலசியிருக்க வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது பாதி மிகவும் பிடித்திருக்கிறது. மணியை விட இதுதான் ஆளை உருவாக்கும். ஆனால் இதே ஜெர்மனியில் அந்தப் பட்டத்தைச் சரிபார்த்துக் கொடுக்கிற அரசு அலுவலகம் ஒன்றும் கிடையாது, பயிற்சி நிறுவனம் கொடுக்கிற தாள்தான் எல்லாம். அதாவது அரசாணை இருந்தாலும் கடைசியில் நம்பிக்கை உங்களைப் போன்ற நிறுவனங்களின் நாணயத்தில் வந்து நிற்கிறது. உங்கள் பொறுப்பு சின்னது இல்லை என்று சொல்லத்தான் இதை எடுத்தேன்.

இப்போது, படிப்பும் பதவியும். பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான், மக்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி என்றால் உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது. எனக்கு நீதிபதிகள் மேல் மரியாதை உண்டு, மிகச் சிறந்த சமரசர்களாக மாறிய நீதிபதிகளோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். ஆனால் அவர்கள் மாறினார்கள், அதுதான் விஷயம். ஒரு தரப்பு பேசி முடிப்பதற்குள் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிற பழக்கத்தை விட வேண்டியிருந்தது. முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் வந்தால்கூட எதிரே இருப்பவர் "இவர் நமக்கு எதிராக முடிவு செய்துவிட்டார்" என்று எடுத்துக்கொள்வார் என்பதைப் பழக வேண்டியிருந்தது. சட்டம் தெரிந்திருப்பது ஒரு பலம், அதற்காகச் சட்டப் பட்டம் சமரசப் பயிற்சி ஆகிவிடாது. மனநல ஆலோசகர்கள் பக்கமும் இதே கதைதான். கேட்கத் தெரியும், அருமையாகக் கேட்பார்கள், ஆனால் பணக் கணக்கு வந்தவுடன் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூல தொழில் என்ன என்பதைப் போடுங்கள், அதற்குப் பக்கத்திலேயே சமரசத்துக்கென்று தனியாக என்ன கற்றார் என்பதையும் போடுங்கள்.

எப்படி அமர்வு நடத்துவார் என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. சிலர் இரண்டு தரப்பையும் பேச வைத்து, அவர்களே வழி கண்டுபிடிக்கும் வரை ஒதுங்கி நிற்பார்கள். சிலர், "இது கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்" என்று தன் கணிப்பைச் சொல்வார்கள். சிலர் இரண்டு அறைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார்கள், இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது. வியாபாரக் கடன் தகராறில் கணிப்பு சொல்கிறவர் வேண்டியிருக்கலாம், நாளைக்கும் ஒரே வீட்டு வாசலில் பார்த்துக்கொள்ள வேண்டிய சகோதரர்களுக்கு அது விஷமாகப் போகலாம். எந்த வழியில் பயிற்சி எடுத்தார், எப்படி நடத்துவார் என்று இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்க நடுவர் சங்கம், வழக்கறிஞர் சங்கம், தகராறுத் தீர்வு சங்கம் மூன்றும் சேர்ந்து 1994இல் கொண்டுவந்து 2005இல் திருத்திய மாதிரி நடத்தை விதிகளிலேயே இது இருக்கிறது: தன்னுடைய பயிற்சி, படிப்பு, அனுபவம், அணுகுமுறை இவற்றைப் பற்றிய தகவலைச் சமரசர் தரப்பினருக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருக்க வேண்டும். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

குடும்பத் தகராறு என்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும், இங்கே நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஒரு பெண் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் கணவனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறாள். "உங்களுக்குச் சம்மதமா?" என்றால் உடனே, யோசிக்காமல், "சம்மதம்". கேட்டது எதையும் மறுக்கவில்லை, ஒன்றைக்கூடப் பேரம் பேசவில்லை. பயிற்சி இல்லாத சமரசருக்கு இது சுமுகமான அமர்வு, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவார். பயிற்சி பெற்றவருக்கு உள்ளே மணி அடிக்கும். அவர் அமர்வுக்கு முன்னாலேயே இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, வீட்டில் அடி உண்டா, மிரட்டல் உண்டா, பணத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்திருப்பார், தேவைப்பட்டால் "இது சமரசத்துக்கு ஏற்ற விஷயம் இல்லை" என்று சொல்லி நிறுத்தியும் இருப்பார். ஆஸ்திரேலியாவில் குடும்பத் தகராறு பார்க்கிறவர்களுக்குத் தனி அங்கீகாரம், வன்முறை இருக்கிறதா என்று பார்க்காமல் அமர்வைத் தொடங்கக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரலிலிருந்து குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிற பெரும்பாலானவர்கள் முதலில் ஒரு சமரசரைச் சந்தித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டமே ஆகிவிட்டது, அதில் விலக்கு பெறுகிறவர்களில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் முக்கியமானவர்கள். உங்கள் பட்டியலிலோ வாடகைத் தகராறு பார்த்துப் பழகியவர் பெயரும் குடும்ப வழக்கு பார்ப்பவர் பெயரும் அகர வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிறது. குடும்பப் பயிற்சி தனியாக எடுக்காதவரைக் குடும்ப வழக்குக்கு அனுப்பாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லாதீர்கள், காத்திருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தேதி. பட்டியலில் பயிற்சி முடித்த வருடம் கூட இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் வகுப்புக்குப் போய்விட்டு, நடுவில் ஒரு அமர்வும் நடத்தாதவர் இன்றைக்கும் சான்றிதழ் பெற்றவர்தான். ஆஸ்திரியாவில் பட்டியலில் இருப்பவர் ஐந்து வருடத்துக்குள் 50 மணி நேரமாவது தொடர் பயிற்சி எடுக்க வேண்டும், பதிவும் காலாவதி ஆகும், புதுப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் நான்கு வருடத்துக்கு 40 மணி நேரம். கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று ஒரு வருடத்தைப் போடுவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும், கூட்டங்களில் கேட்டவைதான்.

காகிதம் வைத்து மனிதனை அளக்க முடியாது, ஒரு வகுப்புக்கும் போகாமலே எத்தனையோ சண்டைகளைத் தீர்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பீர்கள். உண்மை. அமெரிக்காவில் தகராறுத் தீர்வில் இருந்தவர்களின் சங்கம் 1989இலேயே ஒரு குழு போட்டு யோசித்து இதைத்தான் சொன்னது: தகுதியை அளக்க வேண்டியது காகிதப் பட்டத்தை வைத்து இல்லை, செய்து காட்டுகிற திறமையை வைத்து. யார் தகுதியானவர் என்று முடிவு செய்யும் உரிமை ஒரே அமைப்பின் கையில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. அதோடு இன்னொன்றும் சொன்னது, தரப்பினருக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சுதந்திரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கட்டாயத் தகுதிகளைக் குறைத்துக்கொள்ளலாம். நான் இந்த மூன்றையும் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்பது தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது. எதையும் சொல்லாமல் நாற்பது பெயரைக் கையில் கொடுத்து "உங்கள் விருப்பம்" என்றால் அது சீட்டுக் குலுக்கல். கட்டாயத்தை வேண்டாம் என்கிறவர்கள்தான் தகவலை அதிகமாகக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

நிபந்தனைகளைக் கூட்டினால் நல்ல தன்னார்வலர்கள் ஓடிவிடுவார்கள், கட்டணம் ஏறும் என்பது இரண்டாவது. குடும்ப வழக்கைத் தவிர வேறெங்கும் நான் ஒரு நிபந்தனையும் கூட்டச் சொல்லவில்லை. இருப்பதை எழுதுங்கள் என்கிறேன். ஐந்து நாள் பயிற்சி, இரண்டு அமர்வு அனுபவம் என்று உள்ளபடி எழுதியிருக்கும் இளம் சமரசரைச் சின்னத் தகராறுக்கு நானே சிபாரிசு செய்வேன், கூடவே மூத்தவர் ஒருவரை இணைச் சமரசராக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மூன்றாவது, இரகசியம். எத்தனை அமர்வு நடத்தினார், எந்த வகைத் தகராறு என்று சொல்வதால் யாருடைய இரகசியமும் வெளியே வராது. 2007இல் ஹேக் நகரில் தொடங்கிய சர்வதேச சமரச நிறுவனம், அமர்வில் கலந்துகொண்டவர்கள் சொன்ன கருத்துகளை மூன்றாவது ஆள் ஒருவர் தொகுத்துச் சுருக்கி, பெயர் வராமல் சமரசரின் விவரத்தோடு வெளியிடுகிற முறையைக் கொண்டுவந்தது. வழி இருக்கிறது.

ஆனால் ஒன்றைத் தயவுசெய்து போடாதீர்கள்: வெற்றி விகிதம். 'நூற்றுக்குத் தொண்ணூறு வழக்கை முடித்தவர்' என்ற வரியைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. முடித்தார் என்றால் எப்படி முடித்தார்? இரவு பத்து மணி வரை உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடாமல், "இதை விட்டால் உங்களுக்குக் கிடைக்காது" என்று நெருக்கினாலும் கையெழுத்து விழும், அதுவும் தொண்ணூறில் ஒன்றாகக் கணக்கில் சேரும். சரியான நேரத்தில் "இன்றைக்கு வேண்டாம், வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்த சமரசரின் விகிதம் குறையும். நீங்கள் அந்த எண்ணைப் போட ஆரம்பித்தால் எல்லோரும் அதைத் துரத்துவார்கள், அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

இன்னொரு விஷயம், எல்லை தாண்டிய வியாபாரத் தகராறு பார்க்கும் மையங்களுக்கு. சமரச உடன்படிக்கைகளை நாடு விட்டு நாடு நிறைவேற்றுவதற்கான சிங்கப்பூர் உடன்படிக்கை 2019 ஆகஸ்ட் 7இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது, அன்றைக்கே 46 நாடுகள் கையெழுத்திட்டன, 2020 செப்டம்பர் 12இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சமரசர் தனக்குப் பொருந்தும் தரவிதிகளைக் கடுமையாக மீறி, அந்த மீறல் இல்லாவிட்டால் ஒரு தரப்பு உடன்பட்டே இருக்காது என்றால், அந்த உடன்படிக்கையை நிறைவேற்ற நீதிமன்றம் மறுக்கலாம். தன் நடுநிலைமை மேல் நியாயமான சந்தேகம் வரக்கூடிய விஷயத்தை மறைத்து, அது முடிவைப் பெரிதாகப் பாதித்திருந்தாலும் மறுக்கலாம். அதாவது, உங்கள் பட்டியலில் இருக்கும் ஒருவர் ஒரு தரப்போடு பழைய தொழில் தொடர்பு வைத்திருந்ததைச் சொல்லாமல் விட்டால், மாதக்கணக்கில் பேசி எழுதிய உடன்படிக்கை செல்லாத தாளாகிவிடக்கூடும். இந்த வெளிப்படுத்தல் பற்றி உங்கள் பயிற்சியில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

புகார் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சமரசர் நடந்துகொண்ட விதத்தில் குறை இருந்தால் எங்கே சொல்வது? உங்கள் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எந்த நடத்தை விதிகளுக்கு அவர் கட்டுப்பட்டவர், விதி மீறினால் யார் விசாரிப்பார்கள், பெயரை நீக்குவீர்களா, இதுவரை யாரையாவது நீக்கியிருக்கிறீர்களா? உள்ளே வர வழி இருந்து வெளியே போக வழி இல்லாத பட்டியலை யாரும் நம்ப வேண்டியதில்லை.

நீங்கள் செய்யும் வரை மக்கள் காத்திருக்க முடியாது, அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் கேள்விகளை இங்கேயே எழுதிவிடுகிறேன், உங்கள் சமரசர்களும் தயாராக இருக்கட்டும். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேளுங்கள்: எங்கே, எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள், அதில் நீங்கள் நடத்திக் காட்டியதை யாராவது மதிப்பிட்டார்களா? எங்கள் மாதிரித் தகராறு பார்த்திருக்கிறீர்களா, கடைசியாக எப்போது? எதிர்த்தரப்பையோ அவர் வக்கீலையோ முன்பே தெரியுமா? தனி அமர்வில் நான் சொன்னதை என்ன செய்வீர்கள்? நடுவில் நான் எழுந்து போக நினைத்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வியில்தான் ஆள் தெரியும். நல்ல சமரசர், "போகலாம், அது உங்கள் உரிமை, போவதற்கு முன் என்னோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள் என்று மட்டும் கேட்பேன்" என்பார். "அந்த நிலைமை வரவே விடமாட்டேன்" என்று சிரிக்கிறவரிடம் கொஞ்சம் யோசித்துப் போங்கள். இந்தக் கேள்விகளுக்கே கோபப்படுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் எந்த நிறுவனத்தில் எந்த வருடம் எத்தனை மணி நேரம், நடத்திக் காட்டித் தேறியதா வெறும் வருகையா, மேற்பார்வையில் எத்தனை அமர்வு, தனியாக எத்தனை அமர்வு, எந்த வகைத் தகராறு, எப்படி நடத்துவார், கடைசியாகப் புதுப்பித்த வருடம், காப்பீடு உண்டா, புகார் எங்கே. அரைப் பக்கம் வராது. தகவலைத் தர மறுக்கிற சமரசரின் பெயருக்குக் கீழே 'விவரம் தரவில்லை' என்று போடுங்கள், நீக்க வேண்டாம், அது போதும்.

இரண்டு பட்டியல்களில் என் பெயரும் இருக்கிறது. என் விவரங்களை இதே வரிசையில், பயிற்சியில் எனக்குக் கிடைத்த மதிப்பீட்டுத் தாளோடு சேர்த்து, அந்த இரண்டு மையங்களுக்கும் இன்றே அனுப்பியிருக்கிறேன். அடுத்த பட்டியல் வெளியிடும்போது என்னுடையதிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு சமரசர்